அந்தப் பந்தை நான் பார்த்தேன்

அவள் ஆறு ரக்கெட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஆறும் கறுப்பு. பிடியில் சுற்றியிருந்த வெள்ளைப் பட்டி இன்னும் வியர்வையில் ஈரமாக இருந்தது.

“நரம்பு இறுக்கம் நாற்பத்தெட்டு பவுண்டு. ஆறுக்கும் அதேதான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் நிமிரவில்லை. நரம்பு கட்டும் இயந்திரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமில்லை. காலையிலிருந்து மூன்று தடவை துடைத்தாயிற்று.

நிமிராமலே அவள் யாரென்று எனக்குத் தெரியும். போட்டிக்கு வருகிறவர்களின் பட்டியல் வெளியான அன்றே என் மனைவி ஜெசிந்தா எச்சரித்தாள். “இந்த முறை போகாதேங்கோ. அந்தப் பிள்ளையக் கண்டா உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்திடும்” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். முழுக்கப் பகிடி என்றும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு ஜனவரியும் ஆக்லாந்தில் பெண்கள் டென்னிஸ் போட்டி நடக்கும். அரங்கத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன அறையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து வீராங்கனைகளின் ரக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டிக் கொடுப்போம். நான் வேலை செய்யும் கடையில் வருட லீவை இதற்கென்றே சேர்த்து வைத்திருப்பேன். எங்கள் அறைக்குப் பொறுப்பு சேகர். மலேசியாக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

அவள் பெயர் மு லிங்யூன். சீனாவில் செங்டூ நகரத்துப் பெண். ஐந்தாறு வருடமாக உலகத்தின் முதல் நூறு பேருக்குள் வந்தும் போயும் கொண்டிருப்பவள். பதின்மூன்று வயதுவரை என் மகள் டிலானியோடு ஒரே கிளப்பில் விளையாடியவள்.

நான் அவள்மேல் பொறாமை கொண்டவன். சாதாரணப் பொறாமை இல்லை, காலையும் மாலையும் செபம் சொல்வதுபோலத் தவறாமல் செய்துவந்த பொறாமை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மற்ற வாரங்களில் இந்தப் பத்தியில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிவிட்டேன். ஒரு வாரம் இப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வலை பின்னாத கை

பாட்டனி டவுன்ஸில் விளையாட்டுப் பொருள் கடையில் சேர்ந்து நரம்பு கட்டப் பழகிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “மன்னார்க்காரரின் வலை பின்னிய கை அல்லவா” என்று பாராட்டி எழுதியிருக்கிறார்.

அவர் மன்னிக்க வேண்டும். என் அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். நான் வாழ்நாளில் வலையைத் தொட்டதில்லை. வீட்டில் மீன் வெட்டுவதுகூட ஜெசிந்தாதான். கடையில் ஒரு இயந்திரம் சும்மா கிடந்தது, மகள் டென்னிஸ் விளையாடத் தொடங்கியிருந்தாள், ஆகவே பழகினேன். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நரம்பு கட்டுவது பொய் சொல்ல முடியாத வேலை. நாற்பத்தெட்டு பவுண்டு என்றால் நாற்பத்தெட்டு. ஒரு பவுண்டு கூடினாலும் நல்ல ஆட்டக்காரி முதல் பந்தை அடித்தவுடனே திரும்பிப் பார்ப்பாள். இருபது வருடத்தில் ஒரு ரக்கெட்டில்கூட நான் கள்ளம் செய்ததில்லை. என் கள்ளமெல்லாம் வாயில்தான்.

வேனின் பின் ஆசனம்

எங்கள் வீடு லின்ஃபீல்டில். லிங்யூனும் அவள் அம்மாவும் பத்து நிமிட தூரத்தில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தார்கள். அப்பா செங்டூவில் வேலை. மகளின் படிப்புக்காகத் தாய் மட்டும் கூட வந்திருந்தார். அவருக்குக் கார் ஓடத் தெரியாது, ஆங்கிலம் நாலு சொல். ஆகவே புதனும் சனியும் இரண்டு பிள்ளைகளையும் என் வேனில்தான் ஏற்றிப் போவேன்.

பின் ஆசனத்தில் இருவரும் ஒரே சிரிப்பு. டிலானி அவளுக்கு “ஐயோ சனியன்” என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒரு பந்தை வலையில் அடித்துவிட்டால் அந்தச் சீனப் பிள்ளை இடுப்பில் கைவைத்து, “ஐயோ சனியன்” என்று சொல்லும். கிளப்பில் நின்ற பெரியவர்களில் அதன் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜெசிந்தா பொரித்துக் கட்டிக் கொடுத்த ரோல்ஸை லிங்யூன் சாப்பிடுவாள், அவளுடைய அம்மா தேயிலையில் அவித்த முட்டையை டிலானி சாப்பிடுவாள்.

எனக்கு முதலில் பொறாமை வந்தது பிள்ளைமேல் இல்லை, தாயின்மேல். அந்த அம்மா ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலோடு மர வாங்கின் மூலையில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். மகள் அடித்தது, விட்டது, எந்தக் கால் முன்னால் வைத்தது, எல்லாம். வெயிலென்றாலும் எழுதுவார், மழைத்தூறல் என்றாலும் குடைக்குள் எழுதுவார்.

நானும் ஒரு நோட்டு வாங்கினேன். மூன்றாம் பக்கத்திலேயே சாமான் லிஸ்ட் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பதினொரு வயதுவரை டிலானிதான் கெட்டிக்காரி. பயிற்சியாளரே சொல்லியிருக்கிறார். அவளுடைய ஃபோர்ஹாண்ட் அடி யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்தது. அதற்குப் பிறகு லிங்யூன் வளர்ந்தாள். உயரம் மட்டுமில்லை. தோற்றாலும் அடுத்த நாள் காலை ஆறரைக்கு வந்து சுவரில் பந்தடித்துக்கொண்டிருப்பாள். என் மகள் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்பாள். அதைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது, ஏற்கத்தான் மனமில்லை.

கோட்டுக்குக் காவல் யார்

சிறுவர் டென்னிஸில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய போட்டிகளைப் போல அங்கே நடுவர் இருக்கமாட்டார். பந்து யாருடைய பக்கத்தில் விழுகிறதோ, அது உள்ளேயா வெளியேயா என்று அந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்ப் பக்கத்துப் பிள்ளை அதை நம்ப வேண்டும். பெற்றோர் கம்பி வேலிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் நீதிபதி வேலையையும் கட்டிவிடுகிறார்கள். தனக்கே எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதி. நான் மட்டும் அந்த இடத்தில் நின்றிருந்தால் எத்தனை பந்தை வெளியே அனுப்பியிருப்பேனோ தெரியாது.

பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான இறுதி ஆட்டம் ஆல்பனியில் நடந்தது. வெல்கிறவளுக்கு மெல்பனில் ஒரு மாதப் பயிற்சி முகாம். இறுதிக்கு வந்தவர்கள் என் வேனில் வந்த இரண்டு பேரும்தான். போகும்போது பின் ஆசனத்தில் சிரிப்புச் சத்தம் இல்லை.

மூன்றாவது செட்டும் சமமாகி, டைபிரேக். வெல்ல லிங்யூனுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். டிலானி தன்னுடைய அந்த ஃபோர்ஹாண்டை நேர்கோட்டில் ஓங்கி அடித்தாள். பந்து லிங்யூனின் பக்கத்து மூலையில், பின்கோட்டுக்கு அருகில் விழுந்தது. லிங்யூன் உடனே விரலை உயர்த்தி, “அவுட்” என்றாள்.

அதோடு ஆட்டம் முடிந்தது. செயற்கைப் புல் தரை. பந்து விழுந்த அடையாளம்கூட மிஞ்சாது.

நான் சரியாக அந்த மூலைக்குப் பின்னால், வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கோட்டுக்கு நேரே என் கண். அங்கே வேறு யாரும் நிற்கவில்லை. கோட்டுக்கும் அதற்கு வெளியே விழுந்த பந்துக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைத் தரை தெரிந்தது. அதை நான் பார்த்தேன்.

அன்று லிங்யூனின் அம்மா தெரிந்தவர் ஒருவரின் காரில் மகளைக் கூட்டிப் போய்விட்டார். திரும்பி வரும்போது வேனில் டிலானி தேம்பித் தேம்பி அழுதாள். பாலம் தாண்டியதும், “அப்பா, நீங்கள் அங்கேதானே நின்றீர்கள். அது அவுட்டா?” என்று கேட்டாள்.

“இல்லை மகள். லைனில பட்டது. நான் கண்டனான்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தோற்றுப்போன பிள்ளையைவிட ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு நோவு குறைவு என்று நினைத்தேனாக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். உண்மை அதைவிடச் சின்னது. அந்தத் தாயின் மகள் நேர்மையாக வென்றாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு டிலானி அவளோடு கதைக்கவில்லை. பிறந்தநாள் அழைப்பு வந்தது, போகவில்லை. மூன்று மாதத்தில் லிங்யூன் சீனாவுக்குத் திரும்பப் போவதாகச் சொல்ல எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். டிலானி அறைக் கதவைத் திறக்கவில்லை. நான்தான் வாசலில் நின்று, “அவளுக்குத் தலையிடி” என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் டிலானி டென்னிஸையும் விட்டாள். “எப்படியும் கள்ளம் செய்கிறவர்கள்தான் வெல்வார்கள்” என்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை சொல்கிற வார்த்தையா அது? நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை.

தேநீர் இனித்த நாட்கள்

லிங்யூன் தன் மாகாண அணியில் சேர்ந்தாள். பதினாறு வயதில் தாய்லாந்து, உஸ்பெகிஸ்தான் என்று எங்கெங்கோ சின்னப் போட்டிகளில் ஆடினாள். பார்வையாளர் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் பதினோராவது ஆளாக நான் இருந்தேன், தொலைபேசியில் ஸ்கோர் பார்த்தபடி.

ஐரோப்பாவில் மாலை என்றால் எங்களுக்கு விடிகாலை. காலைத் தேநீரோடு திரையைத் திறப்பேன். அவள் தோற்றிருந்தால் அன்று தேநீர் இனிக்கும். வென்றிருந்தால் ஜெசிந்தா போட்ட சீனி காணாது என்று குறை சொல்வேன்.

“அந்தப் பிள்ளையின்ர தாய்கூட இவ்வளவு பாக்கமாட்டா. இந்த ஊக்கத்தில பாதிய வேலைக்குக் காட்டினா இப்ப அந்தக் கடையே உங்கட பேரில இருக்கும்” என்பாள் ஜெசிந்தா.

பத்தொன்பது வயதில் லிங்யூன் தகுதிச் சுற்று மூன்றையும் வென்று முதன்முறை பெரிய போட்டி ஒன்றின் பிரதான சுற்றில் ஆடினாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும், பெரிய அரங்கத்தில் அவள் பெயர் திரையில் வந்ததே! நான் அந்த வாரம் முழுக்க யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. ஒரு வருடம் ரக்கெட்டைத் தொடவில்லை. தரவரிசையில் எங்கோ அறுநூறுக்குக் கீழே போய்விட்டாள். செய்தியில் கட்டுப்போட்ட கையோடு அவளுடைய படம் வந்திருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை, சந்தோஷப்பட்டேன். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லலாம் என்று வரிசையில் நின்று, முழங்காலில் இருந்து, கடைசியில் வேறு ஏதோ சின்னப் பாவத்தைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அவள் அதிலிருந்தும் திரும்பி வந்தாள். மறுபடி பத்துப் பேர் பார்க்கிற போட்டிகள், மறுபடி தகுதிச் சுற்றுகள். ஒன்றரை வருடத்தில் பழைய இடத்தைப் பிடித்தாள். சொந்த நாட்டில் ஒரு பட்டமும் வென்றாள். கோப்பையைத் தூக்கியபோது தாயைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். அந்த அம்மாவின் தலை வெள்ளையாகிவிட்டிருந்தது. கையில் நோட்டுப் புத்தகம்.

இத்தனைக்கும் டிலானி ஒருநாளும் ஸ்கோர் பார்த்ததில்லை. அவளுக்கு ஆல்பனியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நல்ல வேலை. நண்பர்கள் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. யாரையும் இலேசில் நம்பமாட்டாள். அது அவளுடைய சுபாவம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

லிங்யூன் கேட்டது

கதையை மறுபடி அந்த நரம்பு கட்டும் அறைக்குக் கொண்டுவருகிறேன். லிங்யூன் ரக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருந்தது.

“பெனடிக்ட் அங்கிள்? டிலானியின் அப்பாதானே?”

இனி நிமிராமல் இருக்க முடியாது. நிமிர்ந்தேன். முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, ஆனால் சிரிக்கும்போது அதே பிள்ளை.

டிலானி எப்படி இருக்கிறாள், எங்கே வேலை, கல்யாணம் முடிந்ததா, எல்லாம் கேட்டாள். நான் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன். பிறகு அவள் சேகரைப் பார்த்தாள். அவர் மறுமூலையில் ஒரு ரக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கிள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆல்பனியில் அந்த ஃபைனல். கடைசிப் பந்து. நீங்கள் எனக்குப் பின்னால் அந்த மூலையில் நின்றீர்கள்.”

“ம்.”

“நான் அவுட் என்று மிக வேகமாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் பார்த்துச் சொன்னேனா, அவுட்டாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னேனா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு டிலானி என்னோடு பேசவே இல்லை. அம்மா என்னிடம் ஒரு தடவைதான் கேட்டார். அவருடைய நோட்டில் அந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. இப்போது பெரிய கோர்ட்டிலெல்லாம் இயந்திரம்தான் அவுட் சொல்கிறது. எனக்கு அது நிம்மதி, யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு பந்து... நீங்கள் பார்த்தீர்களா?”

வாசகர்களே, பதினான்கு வருடமாக நான் அவளிடம் ஏதாவது குறை இருக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அது தானாக என் மேசைக்கு வந்து நின்றது. இத்தனை பெயர் எடுத்தவளுக்கு நிம்மதி இல்லை. அதைக் கொடுக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

“அது எவ்வளவு காலத்துக்கு முந்தி” என்றேன். “எனக்கு ஞாபகம் இல்லை, லிங்யூன்.”

அவள் தலையாட்டினாள். “சரி அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வாய்க்குள் தேன் ஊறினமாதிரி இருந்தது.

அன்று மாலைவரை அவளுடைய ஆறு ரக்கெட்டுகளையும் கட்டினேன். நாற்பத்தெட்டை ஐம்பதாக்கினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் மனம் கேட்டது. கை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

அன்று ஞாயிறு. ஞாயிறு என்றால் டிலானி சாப்பிட வருவாள். ஜனவரியில் எட்டு மணிக்கும் வெயில் இருக்கும். பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தோம். ஜெசிந்தா ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. இத்தனை இனிப்பான விஷயத்தை எப்படித் தனியாக வைத்திருப்பது?

“இண்டைக்கு ஆர் வந்தது தெரியுமோ?” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். “இன்னும் அந்தப் பந்தைப் பற்றித்தான் கேக்கிறாள். மனச்சாட்சி குத்துது போல” என்று ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

டிலானி இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஞாபகம் இல்லை எண்டு சொன்னன்.”

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “ஏன்?”

“ஏனெண்டால்... பழைய கதை. எதுக்கு இப்ப.”

“என்னிடம் லைனில் பட்டது என்றுதானே சொன்னீர்கள். எத்தனையோ தடவை சொன்னீர்கள். என்னுடைய இருபத்தோராவது பிறந்தநாளில்கூட எல்லாருக்கும் சொன்னீர்கள்.”

“ஓம், சொன்னனான்.”

“அது லைனில் பட்டிருந்தால் நீங்கள் அவளிடம் சொல்லாமல் விட்டிருப்பீர்களா? அவளே வந்து கேட்கிறாள். அப்பா, உங்களை எனக்குத் தெரியாதா? அவள் முகத்துக்கு நேரே ‘நீ பிழையாகச் சொன்னாய்’ என்று சொல்ல இத்தனை வருடம் காத்திருந்தவர் நீங்கள்.”

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது அவுட்தானே?” என்றாள் டிலானி.

ஒரு பொய்யைப் பதினான்கு வருடம் காப்பாற்றலாம். சாப்பாட்டு மேசையில் மகள் இப்படி நேராகப் பார்க்கும்போது பதினான்கு விநாடி காப்பாற்ற முடியவில்லை.

“எல்லாம் உனக்காகத்தான் மகள்...”

“பிள்ளையின்ர தலையில போடாதேங்கோ” என்றாள் ஜெசிந்தா. அவள் என்னை அந்தக் குரலில் பேசியதே இல்லை.

டிலானி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். “அவள் வாசலில் வந்து நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்து அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்” என்றாள். “எனக்கு இருந்தது அந்த ஒரு சிநேகிதிதான் அப்பா.”

கையைக் கழுவிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள். “நான் அவளிடம் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளைக்கே.”

ஒரு விரல் அகலம்

மறுநாள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே லிங்யூன் வந்துவிட்டாள். ரக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தட்டிச் சத்தம் கேட்டாள். “நன்றாக இருக்கிறது” என்றாள்.

“லிங்யூன், அந்தப் பந்து அவுட்” என்றேன்.

அவள் கையில் மூன்றாவது ரக்கெட் இருந்தது.

“ஒரு விரல் அகலம். நான் பார்த்தேன். நீ சரியாகத்தான் சொன்னாய்.”

“நேற்று ஞாபகம் இல்லை என்றீர்களே?”

“ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து இருக்கிறது. டிலானியிடம் உள்ளே என்று பொய் சொன்னேன். அதனால்தான் அவள் உன்னோடு பேசவில்லை. நேற்றுத்தான் அவளுக்குத் தெரிந்தது.” பிறகு, “ஸொறி” என்றேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் கோபிக்க வசதியாக இருந்திருக்கும். அவள் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள். செங்டூவில் அப்போது விடியவே இல்லை. மறுமுனையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண்குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். சீன மொழியில் நாலே நாலு வசனம் சொன்னாள். மறுமுனை ஏதோ கேட்டது. லிங்யூன் சிரித்தாள். சிரித்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

அதைப் பார்த்தபோதும், சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. விடியுமுன் எழுப்பிச் சொல்ல அவளுக்கு ஒரு தாய்.

“டிலானியின் நம்பர் தருவீர்களா?” என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். ரக்கெட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு போனாள்.

திரையில் தெரிந்த முகம்

அன்று பின்னேரம் அவளுடைய முதல் ஆட்டம். எங்கள் அறையில் ஒரு தொலைக்காட்சி உண்டு. சத்தம் வைக்கமாட்டோம். சுவருக்கு அப்பால் அரங்கத்திலிருந்து கைதட்டல் கேட்கும், படம் மட்டும் திரையில் ஓடும்.

வீராங்கனையின் ஆட்களுக்கென்று கோர்ட்டின் ஓரத்தில் சில ஆசனங்கள் இருக்கும். பயிற்சியாளர், வைத்தியர், குடும்பத்தினர் உட்காருகிற இடம். அவள் ஒவ்வொரு நல்ல புள்ளிக்கும் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பாள். இரண்டாவது செட்டில் கமெரா அங்கே போனது.

“அண்ணே, அது உங்க பொண்ணு மாதிரி இருக்கே லா?” என்றார், எங்கள் வீட்டுக்கு ஓரிரு தடவை வந்திருந்த சேகர்.

டிலானிதான். அலுவலக உடுப்போடு, கழுத்தில் பாஸ் மாட்டியபடி, பயிற்சியாளருக்குப் பக்கத்தில் இருந்தாள். அரைநாள் லீவு போட்டிருக்க வேண்டும். எனக்குச் சொல்லவில்லை. முன்னும் ஆறு வருடம் நான் இதே அரங்கத்துக்குப் பின்னால் வேலை செய்திருக்கிறேன். ஒரு தடவை வந்து பார் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன். அவள் வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் போட்டி அலுவலர் ஒரு பெண் ஓடிவந்து மேசையில் ஒரு கறுப்பு ரக்கெட்டை வைத்தாள். லிங்யூனின் ரக்கெட். நரம்பு அறுந்திருந்தது. ஆட்டம் முடியுமுன் கட்டிக் கொடுக்க வேண்டும்.

“நான் கட்டவா?” என்றார் சேகர்.

“இல்லை, இது என்ர” என்றேன்.

இயந்திரத்தின் முன் நின்றால் தொலைக்காட்சிக்கு முதுகு காட்ட வேண்டும். ரக்கெட்டை அதில் பூட்டினால் திரையைப் பார்க்க முடியாது. அறுந்த நரம்பை வெட்டி இழுத்தேன், புதியதைக் கோத்தேன். சுவருக்கு அப்பால் ஒரு பெரிய கைதட்டல் எழுந்தது.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“செமையா ஒரு ஷாட் லா. உங்க பொண்ணு எழுந்து நிக்குது.”

“சிரிக்கிறாளோ?”

சேகர் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமாண்ணே. ரெண்டு பேரும். அந்தப் பொண்ணு இங்க பார்த்துச் சிரிக்குது, உங்க பொண்ணு அங்க பார்த்துச் சிரிக்குது. இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே, உங்க வீட்டுல எப்பவும் இப்படித்தானா?”

நரம்பை அடுத்த துளைக்குள் விட்டேன். வயிறு எரிந்தது. இவ்வளவு காலமும் மகளுக்காகப் பொறாமைப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். லிங்யூனிடம் இருந்த எதுவும் உண்மையில் எனக்கு வேண்டியதாக இருந்ததில்லை. அன்றுதான் எனக்கு வேண்டிய ஒன்று, என் மகளின் சிரிப்பு, அவளிடம் இருந்தது.

நாற்பத்தெட்டு பவுண்டுக்கு இயந்திரத்தின் முள்ளை வைத்து, அடுத்த நரம்பை இழுத்தேன்.